யானை தெரிஞ்சாலும் எழுந்திருக்காதீங்க!

லீவு விட்டால், திண்டுக்கல்காரர்களுக்குக் கொடைக்கானலை அடுத்துத் தேக்கடிதான். வத்தலக்குண்டு, தேனி, கம்பம் வழியாக மூன்று, மூன்றரை மணி நேரத்தில் குமுளி. விடியுமுன் புறப்பட்டால், படகில் போய் மிருகங்களைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பலாம். 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையால் உண்டான ஏரி அது. யானை, காட்டெருமை, மான் எல்லாம் கரைக்குத் தண்ணீர் குடிக்க வரும்.

போன மாதம் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து போனோம். படகில் லைஃப் ஜாக்கெட் கொடுத்ததும், முன் வரிசையில் சிலர், "புடவை கசங்கும், பூ நசுங்கும்" என்று பெல்ட்டை மாட்டவே இல்லை. கொஞ்ச தூரத்தில் "அதோ யானை!" என்று ஒரு குரல். அவ்வளவுதான், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஒரே பக்கம் எழுந்துவிட்டார்கள். "உக்காருங்கம்மா!" என்று படகுக்காரர் சத்தம் போட்ட பிறகுதான் அடங்கினார்கள்.

இதே ஏரியில் 2009 செப்டம்பர் 30-ல் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். படகிலும் குறை இருந்தது. மிருகத்தைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் கூடியதும் காரணமாகச் சொல்லப்பட்டது.

அதனால் தோழிகளே, ஏறியதும் பெல்ட்டை இறுக்கி மாட்டுங்கள். குழந்தைக்கு அதன் அளவு ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். யானை வந்தால் உட்கார்ந்தபடியே விரலால் காட்டுங்கள். கசங்கின புடவையை இஸ்திரி போட்டுக்கொள்ளலாம். போன உயிர் வருமா?

- ஒரு வாசகி, திண்டுக்கல்.