எந்தக் கையில் பூம்?

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ வடிகான் வெட்ட ஒரு பெக்கோ வந்தால், அதற்குக் கிடைப்பது ஓர் ஒழுங்கையின் அகலம்தான். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் மின்கம்பம், மேலே கம்பி, கீழே கடல் மணல். அந்த இடுக்கில் பல தொன் இரும்பை ஆட்டுவிப்பவை இரண்டு லீவர்கள். எந்த லீவர் எதை அசைக்கும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். நமது ஊர்களில் இதைப் பற்றிப் போதிய பேச்சே இல்லை என்பதுதான் என் கவலை.

இன்று பரவலாக உள்ள ஐஎஸ்ஓ முறையில், இடது லீவரை முன்னே தள்ளினால், பக்கட்டைத் தாங்கும் முன்கையான ஆர்ம் வெளியே நீளும். பக்கவாட்டில் சாய்த்தால் மேற்பகுதி சுழலும். ஆர்மைத் தாங்கும் பெரிய கையான பூமும், மண் அள்ளும் பக்கட்டும் வலக்கையில். எஸ்ஏஇ எனப்படும் அமெரிக்க முறையில் பூம் இடக்கைக்கும் ஆர்ம் வலக்கைக்கும் மாறிவிடும். ஐஎஸ்ஓவில் பழகியவர் எஸ்ஏஇ மெஷினில் ஏறி, ஆர்மை நீட்ட நினைத்து இடக்கையைத் தள்ளுகிறார் என்று வையுங்கள். பூம் கீழே இறங்கும். குழிக்குள் ஒருவர் குழாய் பொருத்திக்கொண்டிருந்தால்?

இலங்கைக்கு ஜப்பானிலிருந்து பாவித்த மெஷின்கள் நிறைய வருகின்றன. அங்கேயும் ஒரு காலத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் லீவர் முறை வேறாக இருந்து, பிறகுதான் ஒரே தரத்துக்கு வந்தது. பழைய மெஷின் பழைய முறையோடே வந்து சேரலாம். சில மெஷின்களில் முறையை மாற்றுவதற்கென்றே ஒரு வால்வு இருக்கும். நேற்று வேலை செய்தவர் அதைத் திருப்பிவிட்டுப் போயிருந்தால், இன்று ஏறுபவருக்கு அது வேறு மெஷின்.

இந்த லீவர்கள் எப்படி இவ்வளவு இலகுவாயின என்று பார்க்கச் சற்றுப் பின்னே போவோம். நமது வயல்களுக்கு நீர் தரும் கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். அந்தத் தலைமுறை டோசர்கள் பலவற்றில் அலகைத் தூக்கியது கம்பி வடம். வடத்தால் தூக்க மட்டுமே முடியும், அழுத்த முடியாது; அலகு தன் சொந்தப் பாரத்தால்தான் மண்ணைக் கீறும். பின்னர் வந்த ஹைட்ரோலிக் இரு பக்கமும் தள்ளியது. இன்றைய பெக்கோவில் விரலால் அசைக்கும் லீவர் திறந்துவிடுவது சுமார் 40 பார் அழுத்தமுள்ள ஒயிலைத்தான். அது பிரதான வால்வை நகர்த்த, 300 பாருக்கும் மேற்பட்ட அழுத்தம் சிலிண்டருக்குள் பாயும். லீவர் எவ்வளவு இலகுவோ, பிழையும் அவ்வளவு இலகு.

டிப்பரைப் பாருங்கள். அதன் பின்சில்லுகளில் பிரேக்கைப் பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங். காற்றழுத்தம் அதை விடுவிக்கிறது. குழாய் வெடித்துக் காற்றுப் போனால் பிரேக் தானாகவே பிடிக்கும். பிழைத்தால் நின்றுவிடு என்பதையே வடிவமைப்பாக்கிய அழகான யோசனை அது. கை மாறிய லீவருக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. இயக்குபவர் நினைத்ததை அல்ல, தள்ளியதையே மெஷின் செய்யும்.

இருக்கும் காவல்களையாவது விட்டுக்கொடுக்கக் கூடாது. இருக்கையின் பக்கத்தில் உள்ள பூட்டு லீவரைத் தூக்கினால் லீவர்களுக்குப் போகும் ஒயில் நிற்கும். கீழே ஆளோடு பேசும்போதும் போன் எடுக்கும்போதும் அதைத் தூக்கியே வைக்க வேண்டும். அது இடைஞ்சல் என்று கட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அதை எந்த முதலாளியும் அனுமதிக்கவே கூடாது. ஆனால் அந்தப் பூட்டு குழாய் வெடிப்பிலிருந்து காப்பாற்றாது. அதற்குச் சிலிண்டரிலேயே தனி வால்வு வேண்டும். மண் வெட்டுவதற்காக வாங்கிய மெஷினால் மதகுக் குழாயைத் தூக்கி இறக்கும்முன் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கனரக இயந்திரம் இயக்கப் பயிற்சி தரும் அரச நிலையம் ஹோமாகமைப் பக்கம் இருக்கிறது. நமக்கு அது தீவின் மறுகரை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் பக்கத்திலேயே உள்ளது. அதன் வளாகத்தில் தமிழில் ஒரு குறுகிய பயிற்சி நடத்தப்பட்டால், லீவரைப் பார்த்துப் பார்த்துப் பழகிய நம் இளைஞர்கள் அதன் கணக்கையும் அறிந்துகொள்வார்கள்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்றுண்டு. கண்ணாடிக்குக் கீழே, தமிழில், எந்தக் கை எதற்கு என்று படத்தோடு ஒட்டுங்கள். புது மெஷினில் ஏறுபவர், ஆட்கள் விலகிய வெட்டையில் பக்கட்டை ஓர் அடி மட்டும் உயர்த்தி, ஒவ்வொரு லீவரையும் மெதுவாக நான்கு திசையிலும் அசைத்துப் பார்க்கட்டும். அதன் பிறகே குழிக்குள் ஆள் இறங்கட்டும்.