உஷார்! கல்வராயன் மலையில் 21 கிலோமீட்டர் என்பது 21 இல்லை

தார் ரோட்டில் ஓடி வாங்கிய அரை மாரத்தான் மெடலை நம்பி மலை ஓட்டத்துக்குப் பணம் கட்டப்போகிறவர்களே, ஒரு நிமிஷம்! கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைப் பக்கம் காரை நிறுத்திவிட்டு, நாலு நண்பர்களோடு கல்வராயனில் ஓடிப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

மலை ஓட்டக்காரர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஏறும் ஒவ்வொரு மீட்டருக்கும் சமதளத்தில் எட்டு மீட்டர் ஓடியதாக வைத்துக்கொள்ள வேண்டும். 800 மீட்டர் ஏற்றம் என்றால் 6.4 கிலோமீட்டர் கூடுதல். பேனரில் 21 என்று போட்டிருப்பது உங்கள் காலுக்கு 27-க்கும் மேல். பெரிய கல்வராயன் 4,000 அடி மலை. அடிவாரத்திலிருந்து ஏறினால் கணக்கு இன்னும் எகிறும்.

ஏற்றத்திலாவது மூச்சு வாங்கும், நின்றுவிடுவீர்கள். ஆளைக் கவிழ்ப்பது இறக்கம்தான். ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. தசை நார்கள் கிழிபடுவது அப்போதுதான். பதினைந்தாவது கிலோமீட்டரில் கால் நடுங்க, சருகு மூடிய உருட்டுக்கல்லில் மிதித்தால் கணுக்கால் போச்சு. மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், ‘உடம்புச் சூடு’ என்று இளநீர் குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஓடும் முன்பே வலி மாத்திரை விழுங்குகிற புத்திசாலிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இதுகூடப் பரவாயில்லை. சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று நடந்ததைக் கேளுங்கள். 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் 172 பேர் இறங்கினார்கள். பலர் அரைக்கால் சட்டை, மெல்லிய பனியனோடு. காற்றுத் தாங்கும் ஜாக்கெட் கட்டாயம் என்று விதி இல்லை. மதியம் வானிலை புரண்டது. ஆலங்கட்டி, உறையவைக்கும் மழை, சூறைக்காற்று. உடல் வெப்பம் இறங்கி 21 பேர் செத்துப்போனார்கள். சீனாவின் முன்னணி ஓட்டக்காரரான லியாங் ஜிங்கும் அதில் ஒருவர். அனுபவமெல்லாம் அங்கே செல்லுபடியாகவில்லை. அவர்கள் மாட்டிக்கொண்டது இரண்டாவது, மூன்றாவது செக்பாயின்ட்டுகளுக்கு இடையே இருந்த செங்குத்து ஏற்றத்தில். அங்கே வண்டி போகாது. ஆறு பேரைப் பிழைக்க வைத்தவர் ஜூ கெமிங் என்ற ஆடு மேய்ப்பவர்; தான் ஒதுங்கியிருந்த குகைக்குக் கொண்டுபோய் நெருப்பு மூட்டினார்.

கல்வராயனில் பனிப்புயல் வராது, சரி. வண்டி போகாத இடம் இருக்கிறதே! சரியான சாலை இல்லாத கிராமங்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். 2024 கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, இந்த மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க எடுத்துக்கொண்டது. ஊர்க்காரர்களுக்கே இந்தக் கதி. நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு வந்த உங்களுக்கு மட்டும் 108 ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்துவிடுமா? கூப்பிட சிக்னல் கிடைக்க வேண்டும். சாலை வரை தூக்கிவர ஆள் வேண்டும். பிறகு மலைச்சாலை வளைவுகளில் இறங்கி, சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை உயிர் தாங்க வேண்டும்.

மாசி, பங்குனியில் போகத் திட்டமா? இன்னும் உஷார்! 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையிறங்கி வந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் பலியானார்கள். காய்ந்த புல்லில் பிடித்த தீ மேடேறும்போது இன்னும் வேகமெடுக்கும். அதை முந்தி மேலே ஓடிவிட முடியாது. அதன்பிறகுதான் காட்டு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. கல்வராயனிலும் காப்புக்காடுகள் உண்டு, வனத்துறை அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் கிளம்பாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் சங்கதி வேறு. மேலே எங்கோ பெய்த மழை, காலையில் தாண்டிய ஓடையை மதியம் தாண்டவிடாது. தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளருக்கு ஒரு போன் போடுங்கள். பாதையில் வண்டி போகாத தூரம் எவ்வளவு? அங்கே விழுந்தால் ஸ்ட்ரெச்சர் தூக்கப்போவது யார், எவ்வளவு நேரத்தில் வருவார்? கடைசி ஆளுக்குப் பின்னால் யார் வருவார்? வெயிலில் சுருண்டவரை ஆம்புலன்ஸில் ஏற்றும் முன்பே குளிர்ந்த நீரில் அமிழ்த்தத் தொட்டி உண்டா? பாதை தெரிந்த மலைக்காரர்களைக் கூலி கொடுத்து நிறுத்தியிருக்கிறார்களா? “ஒண்ணும் ஆகாது பிரதர், வாலன்டியர்ஸ் இருக்காங்க” என்பதுதான் பதிலாக வந்தால், தயவுசெய்து அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.