பட்டறைக்குள் ஒரு பென்ஸ் – 7: நெருப்பு சுருங்காது

போன வாரம் சட்டத்தையும் மூன்று சக்கரங்களையும் முடித்தோம். கம்பி ஆரங்களைக் கோத்து, சக்கரம் கோணாமல் முறுக்கி நிறுத்தியதுதான் அதில் பெரிய பாடு. பொறுமை இருந்தால் யாருக்கும் கைவரும். இந்த வாரம் இன்ஜின். இங்கே பொறுமை மட்டும் போதாது.

1886 ஜனவரி 29 அன்று கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வண்டிக்கு ஒரே சிலிண்டர். துளையின் விட்டம் 90 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 150 மி.மீ., கொள்ளளவு 954 சி.சி. நாம் செய்வது எட்டில் ஒரு பங்கு மாதிரி. விட்டம் 11.25 மி.மீ., ஓட்டம் 18.75 மி.மீ. லேத்தில் கடைந்துவிடலாம். ஆனால் கொள்ளளவு 1.86 சி.சி.தான் தேறுகிறது. மருந்து ஊற்றும் ஸ்பூனில் பாதிகூட இல்லை.

நீளம் எட்டில் ஒன்றானால் கொள்ளளவு 512-ல் ஒன்றாகிவிடும். சிலிண்டர் சுவரின் பரப்போ 64-ல் ஒன்றாகத்தான் குறையும். துளி நெருப்பு, அதன் சூட்டை உறிஞ்ச, விகிதப்படி எட்டு மடங்கு உலோகம். பென்ஸுக்கு இருந்த தலைவலி இதற்கு நேர் எதிர். சூட்டில் தண்ணீர் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். 1888-ல் அவர் மனைவி பெர்த்தா, மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு ஓட்டிப் போனபோது வழியெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. நம் மாதிரியில் தண்ணீர்த் தொட்டி ஏறக்குறைய அழகுக்குத்தான்.

அடுத்தது ஃப்ளைவீல். அதை நிமிர்த்தி வைத்தால் சுழலும் வேகத்தில் வண்டியைத் திருப்ப விடாது என்று பென்ஸ் பயந்தார், படுக்கையாக வைத்தார். நம் வண்டிக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. ஆனாலும் படுக்கவைத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் அது பென்ஸ் இல்லை.

சிக்கல் எடையில் இருக்கிறது. அதே வேகத்தில் சுற்றினால், எட்டில் ஒரு பங்கு ஃப்ளைவீல் தேக்கிவைக்கும் ஆற்றல் 32,768-ல் ஒரு பங்கு. பிஸ்டனை அடுத்த அழுத்தத்தைத் தாண்டித் தள்ள அது போதாது. மூல வண்டி நிமிடத்துக்கு 400 சுற்று. அளவுக்கேற்ற அதே தெம்பு வர நம்முடையது 3,200 சுற்றாவது சுற்ற வேண்டும். பழைய வண்டியின் நிதானமான 'டுக்... டுக்...' போய், வண்டு ரீங்காரம்தான் மிஞ்சும்.

அந்த நிதானம் வேண்டுமானால் கொஞ்சம் திருட்டுத்தனம் செய்ய வேண்டும். ஃப்ளைவீல் விளிம்பைத் தடிமனாக்கலாம். அழுத்த விகிதத்தைக் குறைக்கலாம். இரண்டையும் நான் ஏற்பேன். பெட்டிக்கடியில் மின்மோட்டாரை ஒளித்துவைத்துச் சக்கரத்தைச் சுற்றவிடுவதை மட்டும் ஏற்கமாட்டேன். அது பொம்மை.

அடுத்த வாரம் செயின். கண்ணி கண்ணியாக நாமேதான் செய்ய வேண்டும். மெல்லிய ரம்பப் பிளேடுகளை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.