உங்களுக்குத் தெரியுமா? ரத்தப் பரிசோதனைக்கு முன்பே ஸ்கேன் சொல்லிவிடும்!

■ பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் பரம்பரை பாலிசிஸ்டிக் கிட்னி நோய் தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு இருந்தாலே, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. இதில் ஆண், பெண் பேதமில்லை.

■ சுமார் 150 கிராம் எடையுள்ள சிறுநீரகம், நீர்க்கட்டிகள் பெருகிப் பல கிலோ வரை கனக்கலாம். அப்போதும் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு பல ஆண்டுகள் இயல்பாகவே இருக்கக்கூடும். கெடாத வடிப்பான்கள் கெட்டவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்வதே காரணம்.

■ அதனால்தான் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இரு சிறுநீரகங்களின் மொத்தக் கன அளவைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் 'கிரிஸ்ப்' ஆய்வு 241 பேரைத் தொடர்ந்து கவனித்தது. ஆண்டுக்குச் சராசரியாக 5 சதவீதத்துக்குச் சற்று மேல் கன அளவு கூடுவதை 2006-ல் அது வெளியிட்டது.

■ 2015-ல் வெளியான மேயோ கிளினிக் முறைக்கு வயது, உயரம், கன அளவு போதும். நோயின் வழக்கமான வடிவம் உள்ளவர்களை 1ஏ, 1பி, 1சி, 1டி, 1இ என ஒரே ஸ்கேனில் பிரித்துவிடலாம். 1ஏ என்றால் ஆண்டு வளர்ச்சி 1.5 சதவீதத்துக்கும் கீழே; 1இ என்றால் 6 சதவீதத்துக்கும் மேலே.

■ எந்த மரபணு பழுது என்பதும் முக்கியம். 16-ஆம் குரோமோசோமில் உள்ள பிகேடி1 பழுதானால் நோய் பொதுவாக வேகமாக முற்றும். 4-ஆம் குரோமோசோமின் பிகேடி2 என்றால் சற்று நிதானம்.

■ சிறுநீரகம் தளர்வதற்கு வெகுகாலம் முன்பே ரத்த அழுத்தம் ஏறிவிடுவதுண்டு. குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்தால், இளம் வயதிலிருந்தே பி.பி. பார்த்துக்கொள்வது நல்லது.