கொடுத்தால்தான் கிடைக்கும்: டோரண்ட் டவுண்லோட் வேகத்தைக் கூட்டுவது எப்படி?

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் வழங்கி வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. என் சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாத பழைய இயந்திரம். அதைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. "வேற ஏதாவது போட்டு ஓட்ட முடியுமாப்பா?" என்றார். லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். சுமார் 3 ஜிபி அளவுள்ள பைல். புதிய பதிப்பு வந்த மறுநாள் அது. எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்கியதால் நேரடி டவுண்லோட் நத்தை வேகத்தில் நகர்ந்தது. எனவே என் லேப்டாப்பில் டோரண்ட் மூலம் இறக்க முடிவு செய்தேன்.

சித்தப்பா வீட்டு இன்டர்நெட் இணைப்பின் வேகம் டவுண்லோட் 50 எம்பிபிஎஸ், அப்லோட் 5 எம்பிபிஎஸ். ஆனால் டோரண்ட் விநாடிக்கு 200 கேபிக்கு மேல் ஏறவில்லை. அந்தக் கணக்கில் முடிய நான்கு மணி நேரம் ஆகும். சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன் என்ற பெயர் வேறு. அன்று மாலை நான் செய்த இரண்டு தவறுகளும், பிறகு செய்த திருத்தமும்தான் இந்தக் கட்டுரை.

பிட்டும் பைட்டும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இன்டர்நெட் நிறுவனங்கள் வேகத்தை மெகா பிட் கணக்கில் சொல்கின்றன. டவுண்லோட் சாப்ட்வேர்கள் மெகா பைட் கணக்கில் காட்டுகின்றன. 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 50 எம்பிபிஎஸ் இணைப்பில் அதிகபட்சமாக விநாடிக்கு 6.25 எம்பிதான் வரும். 100 எம்பிபிஎஸ் என்றால் 12.5 எம்பி. உங்கள் இணைப்பின் எண்ணை 8 ஆல் வகுத்துப் பாருங்கள். டோரண்ட் அந்த அளவை ஒட்டி ஓடினால் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. வெகுவாகக் குறைந்திருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

டோரண்ட் எப்படி வேலை செய்கிறது?

வழக்கமான டவுண்லோடில் ஒரு சர்வர் எல்லோருக்கும் பைலைத் தருகிறது. பந்தியில் ஒரே ஆள் ஆயிரம் இலைக்குப் பரிமாறுவது போல. இதற்கு மாற்றாக பிராம் கோஹன் என்ற அமெரிக்க புரோகிராமர் 2001ல் பிட்டோரண்ட் முறையை வெளியிட்டார். இதில் பைல் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. உங்களுக்குக் கிடைத்த துண்டை, அது கிடைத்தவுடனேயே நீங்கள் மற்றவர்களுக்குத் தரத் தொடங்குகிறீர்கள். சாப்பிட வந்தவர்களே பரிமாறவும் செய்கிறார்கள்.

முழு பைலையும் வைத்துக்கொண்டு தருபவர் சீடர். (குருவின் சீடர் அல்ல, விதை போடுபவர் என்று பொருள்.) இன்னும் இறக்கிக்கொண்டிருப்பவர் பியர். சீடர்கள் உங்களிடமிருந்து எதையும் எதிர்பார்ப்பதில்லை. பியர்கள் அப்படியல்ல. யார் தனக்கு அதிக வேகத்தில் துண்டுகளைத் தருகிறார்களோ, அவர்களுக்குத்தான் திருப்பித் தருவார்கள். கோஹன் 2003ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார். அந்த முறைப்படி ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு நேரத்தில் நான்கு பேருக்குத் தருகிறது. 10 விநாடிக்கு ஒரு முறை கணக்குப் பார்த்து, யாருக்குத் தொடர்வது, யாரை நிறுத்துவது என்று முடிவு செய்கிறது. 30 விநாடிக்கு ஒரு முறை, புதியவர் யாருக்காவது கைம்மாறு பார்க்காமல் கொஞ்சம் தந்து பார்க்கிறது. இன்றைய சாப்ட்வேர்களில் எண்கள் மாறலாம், அடிப்படை இதுதான்.

நம் ஊர் மொய் நோட்டுக் கணக்குதான் இது. நீங்கள் எழுதிய மொய் உங்கள் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும். எழுதாதவருக்கு வருவது அபூர்வம்.

என் முதல் தவறு: அப்லோடை அடைத்தது

டேட்டா வீணாகக் கூடாது என்று நினைத்து, அப்லோட் வேகத்தை விநாடிக்கு 1 கேபி என்று வைத்திருந்தேன். புதிய பதிப்பு என்பதால் அப்போது சீடர்கள் குறைவு, பியர்கள் மிக அதிகம். நான் எதுவும் தராததால் பியர்கள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. 30 விநாடிக்கு ஒரு முறை யாராவது போடும் இலவசத் துண்டும், நெரிசலில் சிக்கிய சில சீடர்கள் தருவதும்தான் எனக்கு வந்தன. அதுதான் அந்த 200 கேபி.

சீடர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும் பைலுக்கு இந்தத் தவறு பெரிதாகத் தெரியாது. சீடர்கள் குறைவான பைலில்தான் முகத்தில் அடிக்கும். எனவே டோரண்டைத் தேர்ந்தெடுக்கும்போதே சீடர் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரே பைலுக்கு இரண்டு டோரண்டுகள் இருந்தால் சீடர்கள் அதிகமுள்ளதை எடுங்கள். சீடர் ஒருவருமே இல்லை, பியர்களிடமும் எல்லாத் துண்டுகளும் சேர்ந்து இல்லை என்றால், எந்த செட்டிங்கை மாற்றினாலும் பைல் முழுதாக வராது.

என் இரண்டாவது தவறு: அப்லோடைத் திறந்துவிட்டது

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. உடனே அப்லோட் கட்டுப்பாட்டை முழுவதுமாக நீக்கினேன். வேகம் சட்டென்று 1 எம்பிக்கு ஏறியது. பிறகு ஏறி இறங்கித் தள்ளாடியது. ஹாலில் சித்தி சிங்கப்பூரில் இருக்கும் தங்கையோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். "என்னடா பண்ணித் தொலைச்ச? பாப்பா முகம் கட்டம் கட்டமா நிக்குது" என்று சத்தம் வந்தது.

காரணம் இதுதான். முன்பு பதிவுத் தபால் அனுப்பினால் ஒப்புகை அட்டை திரும்பி வருமே, அதுபோல நமக்கு வரும் டேட்டாவுக்கு நம் கம்ப்யூட்டர் "கிடைத்தது" என்று சிறிய பதில்களை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பதில் அப்லோட் பாதையில்தான் போகும். டோரண்ட் அந்தப் பாதையை முழுவதும் அடைத்துக்கொண்டால் பதில்கள் மோடத்தில் வரிசையில் நிற்கும். பதில் வரத் தாமதமாவதால் அனுப்புபவர் வேகத்தைக் குறைப்பார். விளைவு, டவுண்லோடும் குறையும், வீட்டில் மற்றவர்களின் இன்டர்நெட்டும் நின்றுவிடும். டவுண்லோட் அதிகமாகவும் அப்லோட் குறைவாகவும் உள்ள இணைப்புகளில் இந்தத் தொல்லை அதிகம்.

திருத்தம்: 80 சதவீதக் கணக்கு

முதலில் டோரண்டை நிறுத்திவிட்டு, ஏதேனும் ஒரு ஸ்பீடு டெஸ்ட் தளத்தில் உங்கள் அப்லோட் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். அதை 8 ஆல் வகுத்து, அதில் 80 சதவீதத்தை அப்லோட் வரம்பாக வையுங்கள். சித்தப்பா வீட்டுக் கணக்கு: 5 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 625 கேபி. அதில் 80 சதவீதம் 500 கேபி. வீடியோ அழைப்பு நடந்துகொண்டிருந்ததால் நான் 350 மட்டும் வைத்தேன்.

நான் பயன்படுத்துவது க்யூபிட்டோரண்ட். விளம்பரம் இல்லாத இலவச ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர். அதில் டூல்ஸ் மெனு சென்று ஆப்ஷன்ஸ் கிளிக் செய்து, ஸ்பீடு பகுதியைத் திறக்கவும். அப்லோட் கட்டத்தில் இந்த எண்ணை டைப் செய்யவும். டவுண்லோட் கட்டத்தில் 0 இருக்கட்டும், வரம்பு இல்லை என்று அதற்குப் பொருள். அதே பக்கத்தில் மாற்று வேக வரம்பு ஒன்றையும் அமைத்து, அது எந்த நேரத்தில் இயங்க வேண்டும் என்றும் குறிக்கலாம். பகலில் குறைவாகவும் எல்லோரும் தூங்கிய பிறகு அதிகமாகவும் ஓடும்படி வைத்துவிட்டால் வீட்டில் சண்டை வராது.

கதவு திறந்திருக்கிறதா?

அடுத்து போர்ட். மற்ற கம்ப்யூட்டர்கள் உங்களைத் தேடி வர ஒரு வாசல் வேண்டும். அது மூடியிருந்தாலும் டவுண்லோட் நடக்கும், நீங்களாகப் போய் மற்றவர்களைத் தொடர்பு கொள்ள முடியும் என்பதால். ஆனால் வாசல் மூடிய இருவர் பெரும்பாலும் ஒருவரையொருவர் சந்திக்க முடியாது. அதனால் உங்களுக்குக் கிடைக்கும் பியர்கள் குறைவார்கள்.

1. ஆப்ஷன்ஸில் கனெக்ஷன் பகுதிக்குச் செல்லவும். யுபிஎன்பி என்ற வசதி டிக் செய்யப்பட்டிருக்கட்டும். ரவுட்டரிலும் அது இயங்கினால் வாசல் தானாகத் திறக்கும்.

2. பழைய கட்டுரைகள் சொல்லும் 6881 போர்ட் வேண்டாம். டோரண்டுக்கு என்றே பெயர் பெற்றுவிட்ட எண் அது. 49152 முதல் 65535க்குள் ஏதேனும் ஒன்றைத் தரவும்.

3. சாப்ட்வேர் முதல் முறை இயங்கும்போது விண்டோஸ் பயர்வால் அனுமதி கேட்கும். அவசரத்தில் கேன்சல் செய்திருந்தால் பயர்வால் பகுதிக்குச் சென்று அனுமதி தரவும்.

4. க்யூபிட்டோரண்டின் கீழ்ப்பட்டையில் இணைப்பு நிலையைக் காட்டும் ஐகான் இருக்கும். மவுஸை அதன் மேல் வைத்தால் இணைப்பு சரியா, பயர்வாலுக்குள் அடைபட்டிருக்கிறதா என்று தெரியும்.

இத்தனை செய்தும் அடைபட்டதாகவே காட்டினால், ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வேன் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணில் தொடங்கினால், உங்கள் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது என்று அர்த்தம். உங்கள் ரவுட்டரில் வாசல் திறந்தாலும் தெருக்கதவு அவர்கள் கையில். பொது ஐபி முகவரி கேட்டுப் பெறலாம், சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் கேட்கும். ஐபிவி6 வசதி இருந்தால் அதை ரவுட்டரில் இயக்கிப் பாருங்கள். அதில் முகவரிப் பகிர்வு தேவையில்லை. ஆனால் ரவுட்டரின் பயர்வாலிலும் அந்த போர்ட்டுக்கு அனுமதி இருக்க வேண்டும்.

சித்தப்பா வீட்டு இணைப்பும் இப்படிப்பட்டதுதான். அன்று ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் அப்லோடைச் சரிசெய்ததே போதுமானதாக இருந்தது.

இவற்றை நம்ப வேண்டாம்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் குறிப்புகள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன. 2004ல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, முழுமையடையாத இணைப்புகளை ஒரு நேரத்தில் 10 என்று கட்டுப்படுத்தியது. அதை மாற்ற சிஸ்டம் பைலையே பேட்ச் செய்தார்கள். 2009ல் வந்த விண்டோஸ் 7ல் அந்தக் கட்டுப்பாடே இல்லை. இன்று அந்த பேட்ச்சைத் தேடிப் போனால் வைரஸ்தான் மிஞ்சும்.

விண்டோஸ் 20 சதவீத வேகத்தைத் தனக்கென ஒதுக்கி வைத்துக்கொள்கிறது என்பதும் தவறான புரிதல். முன்னுரிமை கேட்கும் புரோகிராம் அதைப் பயன்படுத்தாதபோது அந்த வேகம் மற்றவற்றுக்கே கிடைக்கும்.

டோரண்ட் வேகத்தைப் பத்து மடங்காக்கும் பூஸ்டர் சாப்ட்வேர்களை இன்ஸ்டால் செய்யாதீர்கள். எதிரில் இருப்பவர் தராத வேகத்தை உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் எந்தப் புரோகிராமும் உண்டாக்க முடியாது. இணைப்புகளின் எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் உயர்த்துவதும் வேண்டாம், சாதாரண ரவுட்டர் திணறிவிடும். இருக்கும் எண்ணே போதும். வைபை சிக்னல் பலவீனமாக இருந்தால் லேன் கேபிளைச் செருகிப் பாருங்கள். பல வீடுகளில் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

டோரண்டில் நீங்கள் பெறுபவர் மட்டுமல்ல, வினியோகிப்பவரும் கூட. உங்கள் ஐபி முகவரி அந்தப் பைலைப் பகிரும் அனைவருக்கும் தெரியும். எனவே காப்புரிமை உள்ள சினிமா, பாடல், சாப்ட்வேர்களை இதில் இறக்குவது இரட்டைத் தவறு. லினக்ஸ் பதிப்புகள், லிப்ரே ஆபீஸ் போன்று, உரிமையாளர்களே டோரண்டாகத் தருபவை நிறைய உள்ளன. டோரண்ட் பைலை அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். மேலும், பல பிளான்களில் அப்லோடும் டேட்டா கணக்கில் சேரும். மாத வரம்பு உள்ளவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று 350 கேபி வைத்தபின் சித்தியின் வீடியோ சீரானது. என் டவுண்லோட் விநாடிக்கு 2 எம்பியில் நிலைத்து, மீதிப் பைல் அரை மணி நேரத்துக்குள் இறங்கியது. உடனே மூடிவிடவில்லை. ரேஷியோ என்ற கட்டத்தில் 1 வரும் வரை, அதாவது நான் பெற்ற அளவை மற்றவர்களுக்குத் தந்து முடியும் வரை, ஓடவிட்டேன். 350 கேபியில் இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆனது. அதற்குள் சித்தப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் ஓடத் தொடங்கியிருந்தது. நீங்களும் டவுண்லோட் முடிந்தவுடன் ஓடிவிடாமல் ரேஷியோ 1 வரை இருங்கள். அடுத்து வருபவருக்கு ஒரு சீடர் கூடுவார்.