விண்ணிலிருந்து தெரியும் நெய்வேலி, தெரியாத விருத்தாசலம்

பூமியைச் சுற்றிவந்து அதன் நிலம், நீர், காற்று, வெப்பம் ஆகியவற்றை இடைவிடாமல் அளந்து பதிவுசெய்யும் புவி நோக்குச் செயற்கைக்கோள்கள், எரிசக்தி எங்கே கிடைக்கிறது, அதை எடுப்பதால் நிலத்துக்கு என்ன நேர்கிறது என்ற இரு கேள்விகளுக்கும் ஒருசேர விடை தரும் கருவிகளாக வளர்ந்திருக்கின்றன. அவற்றின் ஆற்றலையும் எல்லையையும் சேர்த்துப் புரிந்துகொள்ள, கடலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த நெய்வேலியும் விருத்தாசலமும் போதுமானவை. நெய்வேலி பழுப்பு நிலக்கரியைத் தோண்டி மின்சாரமாக்குகிறது. விருத்தாசலமோ மின்சாரத்தையும் எரிபொருளையும் செலவிட்டு அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்கம்பத்துக்கான காப்பான், பியூஸ் கேரியர் முதலிய பீங்கான் பொருள்களைச் சுட்டெடுக்கிறது. நிலக்கரிப் படுகைக்கு மேலே கிடக்கும் களிமண் பீங்கான் தொழிலுக்கும் பயன்படுவதால், ஓர் ஊரின் சுரங்கமும் மற்றோர் ஊரின் சூளையும் மண்ணாலேயே இணைந்திருக்கின்றன.

1934ஆம் ஆண்டில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கருநிறப் பொருளிலிருந்து தொடங்கிய நெய்வேலியின் வரலாறு, 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்எல்சி) அமைக்கப்பட்டு, 1957இல் சுரங்கப் பணி தொடங்கப்பட்டபோது புதிய கட்டத்தை அடைந்தது. அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972இல் ஏவப்பட்டதால், சுரங்கத்தின் முதல் பதினைந்து ஆண்டுகளைத் தவிர்த்த எஞ்சிய வரலாறு விண்ணிலிருந்து எடுத்த படங்களில் பதிவாக வாய்ப்புக் கிடைத்தது. இந்தியா 1988இல் ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோளை ஏவிச் சொந்தமாகவும் இப்பணியைத் தொடங்கியது. 2008இல் லேண்ட்சாட் படத்தொகுப்பு முழுவதும் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகு, வயல் எப்போது சுரங்கமாயிற்று, தோண்டிய மண் எங்கே மேடாகக் கொட்டப்பட்டது, அம்மேட்டில் மரங்கள் எந்த ஆண்டில் தழைத்தன என்பவற்றை இணைய இணைப்புள்ள எவரும் ஆண்டுவாரியாகப் பார்க்க முடிகிறது.

இப்படங்கள் வெறும் ஒளிப்படங்கள் அல்ல. பசுந்தழை சிவப்பொளியை உறிஞ்சி, கண்ணுக்குப் புலனாகாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்புவதால், இவ்விரண்டின் வேறுபாட்டைக் கணக்கிட்டுத் தாவரச் செழுமைக் குறியீடு என்ற எண்ணைப் பெறலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் நுட்பத்தில் சுமார் ஐந்து நாள்களுக்கு ஒருமுறை இதற்கான படங்களைத் தருகின்றன. 2023 ஜூலையில் என்எல்சி சுரங்க விரிவாக்கத்தின் பகுதியாக, வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக விளைந்துநின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறக்கப்பட்டுப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அத்தகைய இடங்களில், எந்த வயலில் எந்த வாரத்தில் பயிர் நின்றது என்பதற்கு, மேகம் மறைக்காத நாள்களில், எத்தரப்பையும் சாராத சான்று இருக்கிறது. நிலத்தை இழப்பவரின் சொல்லுக்கு எடை சேர்க்கும் இச்சான்றை அவரே எடுத்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது, இழப்பீட்டை நிர்ணயிப்பதற்கு நிகராக முக்கியமான பொதுக்கடமையாகும்.

காற்றையும் விண்ணிலிருந்து அளக்கலாம். கந்தக டை ஆக்சைடு வாயு சூரிய ஒளியின் புற ஊதாப் பகுதியில் குறிப்பிட்ட அலைநீளங்களை உறிஞ்சுவதால், பூமியிலிருந்து திரும்பிவரும் ஒளியில் அப்பகுதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து வாயுவின் அளவு கணிக்கப்படுகிறது. நாசாவின் ஆரா செயற்கைக்கோளிலுள்ள ஓஎம்ஐ கருவி திரட்டிய தரவுகளை அடிப்படையாகக் கொண்டு கிரீன்பீஸ் அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கை, சிங்ரௌலி, கோர்பா, தால்சர் ஆகியவற்றோடு நெய்வேலியையும் இந்தியாவின் பெரிய கந்தக டை ஆக்சைடு மையங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. 2017இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி இதே அளவீட்டை இன்னும் நுட்பமாகச் செய்தாலும், அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது நிலத்தில் ஏறத்தாழ 5.5 கிலோமீட்டர் நீளமும் 3.5 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பரப்பாகும். அனல்மின் நிலையத்தின் புகை அதில் தெளிவாகத் தென்படும். விருத்தாசலத்துச் சூளையின் புகையோ அந்த ஒற்றைப் புள்ளிக்குள் கரைந்துவிடும். சூளைத் தொழிலாளி சுவாசிக்கும் காற்றைத் தரையில் வைத்த கருவிதான் அளக்க வேண்டும், செயற்கைக்கோளின் மௌனத்தை நற்சான்றாகக் கொள்ளக்கூடாது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்துடன் நிலத்தடி நீர் இருப்பதால், அதை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் இயங்கும். நீர் குறையும்போது தரை எங்கேனும் தாழ்கிறதா, சுரங்கச் சரிவு நகர்கிறதா என்பதை அறிய ரேடார் செயற்கைக்கோள் உதவும். அது தானே அனுப்பிய நுண்ணலை திரும்பிவரும்போதுள்ள அலைக்கட்டத்தை இருவேறு நாள்களில் ஒப்பிட்டு, சென்டிமீட்டர் அளவிலான தரைநகர்வையும் கண்டறிகிறது. மேகமோ இரவோ அதற்குத் தடையாவதில்லை. இஸ்ரோவும் நாசாவும் இணைந்து உருவாக்கி, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார், 12 நாள்களுக்கு ஒருமுறை அதே இடத்தை மீண்டும் அளக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது.

ஆயினும் விருத்தாசலத்துக்கு உடனடியாகப் பயன்படக்கூடியது வெயிலைப் பற்றிய தரவே. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு இணையாக நகர்ந்து ஒரே பகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்சாட்-3டிஆர், 2024இல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகியவை அரைமணிக்கு ஒருமுறை எடுக்கும் படங்களில், மேகம் திருப்பி அனுப்பும் ஒளியைக் கணக்கிட்டுத் தரையை அடையும் கதிர்வீச்சு மதிப்பிடப்படுகிறது. சென்னையிலுள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் 2011 முதல் நாடெங்கும் நிறுவிய தரைநிலையங்கள் அக்கணக்கைச் சரிபார்க்க உதவுகின்றன. 1984 முதலான வெயில் தரவை நாசாவும் இலவசமாகத் தருகிறது. ஒரு பாகை அகலமுள்ள கட்டங்களாக அது இருப்பதால் தனியொரு கூரைக்குத் துல்லியமாகப் பொருந்தாது என்றாலும், எந்த மாதத்தில் வெயில் எவ்வளவு சரியும் என்பதை அறிய அது போதும். 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூளைக்குக் கூரையில் பதிக்கும் சூரிய மின்தகடுகளின் மின்சாரம் ஈடாகாது. ஆனால் களிமண் கலவையை அரைக்கும் பால் மில் போன்ற இயந்திரங்களுக்குத் தேவையான மின்சாரத்தில் கணிசமான பங்கை அவற்றிலிருந்து எதிர்பார்க்கலாம்.

அதைவிட எளிய பயனும் உண்டு. வார்த்தெடுத்த விளக்கு நன்றாகக் காயாமல் சூளைக்குள் போனால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதை வெடிக்கச் செய்யும். செலவில்லாமல் காயவைப்பது வெயில்தான். கார்த்திகைத் தீபத்துக்கான விளக்குகள் மும்முரமாகத் தயாராகும் காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. அரைமணிக்கு ஒருமுறை வரும் மேகப் படத்தையும் அடுத்த சில மணிநேரத்துக்கான வெயில் கணிப்பையும், விருத்தாசலத்து அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி தமிழில் குறுஞ்செய்தியாகச் சிறு பட்டறைகளுக்கு அனுப்பத் தொடங்கினால், எந்த நாளில் வார்ப்பைக் கூட்டுவது, எந்த நாளில் தட்டுகளை உள்ளே எடுத்து வைப்பது என்பதைப் பட்டறைக்காரர்கள் காலையிலேயே தீர்மானித்துக்கொள்வார்கள்.