புருஷன்-பெண்டாட்டி சண்டை: "கவுன்சிலிங்" போனால் என்ன நடக்கும்?

கொல்லிமலை மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

புருஷன்-பெண்டாட்டி சண்டை பொழுது விடிந்தால் தீர்ந்துவிடும் என்பார்கள். பல பொழுது விடிந்தும் தீராவிட்டால்?

கொல்லிமலையில் அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. ஊர்ப் பெரியவர்கள் கூடுவார்கள். இரு வீட்டாரும் வருவார்கள். பேசி ஒரு முடிவு சொல்வார்கள். இங்குள்ள மலையாளி பழங்குடி மக்களுக்குக் கல்யாணமும் விலகலும் இன வழக்கப்படிதான். மத்திய அரசு தனியாக அறிவித்தால் தவிர, பழங்குடியினருக்கு 1955-ம் ஆண்டு இந்து திருமண சட்டம் பொருந்தாது. அந்த சட்டமே அப்படிச் சொல்கிறது.

இன்னொரு வழி, கவுன்சிலிங். ஆனால் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போவதற்கு முன்பே பயம் பிடித்துக்கொள்கிறது. "ரெண்டு பேரையும் நிக்க வச்சு திட்டுவாங்களோ? கட்டாயப்படுத்திச் சேர்த்து வச்சிடுவாங்களோ?"

இரண்டும் இல்லை.

தனித்தனியே விசாரிப்பு

கவுன்சிலர் நீதிபதி அல்ல. யார் பக்கம் தப்பு என்று தீர்ப்பு சொல்ல மாட்டார். பெரும்பாலும் முதலில் மனைவியிடம் தனியாகவும், கணவனிடம் தனியாகவும் பேசுவார். மாமியார் எதிரே சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம். பிறகு இருவரையும் சேர்த்து உட்கார வைப்பார்.

"அவ பேசவே மாட்டேங்குறா" என்பார் கணவர். "வாயைத் திறந்தா கத்துறாரு, எப்படிப் பேசுறது?" என்பார் மனைவி. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். பாதி சண்டைக்குக் காரணம், காதில் சரியாக விழாததுதான் என்று அப்போது தெரியும்.

கூலிப் பணம் எங்கே போகிறது, குடிப் பழக்கம், பிள்ளைகள் படிப்பு, பிறந்த வீட்டுத் தலையீடு எல்லாமே பேச்சில் வரும். அங்கே சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்பது கவுன்சிலர் தொழிலின் முறை. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு.

ஒரு நாளில் முடியாது

ஒரு தடவை போய்விட்டு "ஒண்ணும் ஆகலை" என்று விட்டுவிடக்கூடாது. பல முறை போகவேண்டி வரும். கடைசியில் இருவரும் சேரலாம். சண்டை இல்லாமல் பிரியவும் செய்யலாம். முடிவு அந்த இருவருடையது.

அடி-உதை என்றால்?

இங்கேதான் உஷார் தேவை. அடி வாங்கும் பெண்ணிடம் "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்வது கவுன்சிலிங் ஆகாது. முதலில் அவளுக்குப் பாதுகாப்பு. மற்றதெல்லாம் பிறகு.

2005-ம் ஆண்டு குடும்ப வன்முறை தடுப்பு சட்டம், மலை, சமவெளி என்று பேதம் இல்லாமல் எல்லாப் பெண்களுக்கும் உண்டு. அந்த சட்டப்படி மாஜிஸ்திரேட்டு கவுன்சிலிங்குக்கு அனுப்பலாம். அப்படி அனுப்பினால் அடுத்த விசாரணையை 2 மாதத்துக்குள் வைக்க வேண்டும். அடித்ததற்குக் காரணம் சொல்லி நியாயம் பேச அந்தக் கவுன்சிலிங்கில் கணவருக்கு இடம் கிடையாது. இரு தரப்புக்கும் உறவுக்காரர் கவுன்சிலராக இருக்கவும் கூடாது.

ஊர்க்கூட்டம் நல்லதுதான். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் சொந்தம். கவுன்சிலர் யாருக்கும் சொந்தம் அல்ல. வித்தியாசம் அதுதான்.

போன் செய்தால் போதும்

பெண்கள் 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று வழி சொல்வார்கள். சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் கிடைப்பார்.

செம்மேட்டில் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு போன் செய்து, எந்த நாளில் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீண் அலைச்சல் மிச்சம். வீட்டில் போன் பேச முடியாத பெண்ணுக்கு, பக்கத்து வீட்டு அக்கா பேசினாலும் போதும்!